மரவட்டைக்கு எத்தனை கால்

ஐந்து ஐம்பதுக்கு அலாரம் அடிக்கும். அவன் ஐந்தரைக்கே விழித்திருப்பான். இருந்தாலும் அடிக்கட்டும் என்று படுத்திருப்பான். அடித்ததும் நிறுத்துவான். போர்வையை மடிப்பான். கெட்டிலில் ஒரு ஆளுக்குத் தண்ணீர் வைப்பான். ரொட்டி இரண்டு துண்டு, வெண்ணெய் மட்டும். நின்றபடியே தின்பான். தட்டைக் கழுவிக் கவிழ்ப்பான். நீலச் சட்டை, பாக்கெட்டில் டெஸ்டர், கையில் கருவிப் பெட்டி. ஏழு ஐம்பதுக்குக் கதவைப் பூட்டிவிட்டு அறுபத்திரண்டு படி இறங்குவான்.

அவன் லிஃப்ட் மெக்கானிக். குடியிருப்பது மூன்றாவது மாடி. அந்தக் கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது. இதைக் கேள்விப்பட்ட எல்லோரும் ஒரே ஜோக்கைச் சொல்லிவிட்டு அவன் சிரிப்பதற்காகக் காத்திருப்பார்கள். அவனும் சிரித்துவைப்பான். அவன் மனைவி மட்டும்தான் வேறு மாதிரி சொன்னாள்: "நல்லதுதான். ஞாயித்துக்கிழமையாவது ஸ்பேனரத் தொடாம இருப்ப."

படித்தது இன்ஜினியரிங், பார்ப்பது கிரீஸ். அவன் கவனிக்கும் ஒவ்வொரு லிஃப்டின் மோட்டார் அறையிலும் ஓர் அட்டை தொங்கும். போகும்போதெல்லாம் அதில் ஒரு வரி எழுத வேண்டும். 'கதவு உரசியது. இப்போது இல்லை.' 'சத்தம் வருகிறது என்கிறார்கள். எனக்குக் கேட்கவில்லை.' 'நான்காவது மாடியில் நிற்க மறுக்கிறது. காரணம் தெரியும், சாமான் வரவில்லை.' இப்படி.

அவளுக்கு அந்த அட்டைகள் மேல் ஒரு கண். நிறைந்துபோன அட்டை ஒன்றைத் தூக்கிக்கொண்டு போய்ப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குக் காட்டினாள். "ஒரு வரின்னா இப்படி இருக்கணும். இதுல பொய் எங்கயாவது இருக்கா, பாருங்க."

அவள் போய் எட்டு மாதம் ஆகிறது. அன்றைக்கும் ஏழு ஐம்பதுதான். படியிறங்கிப் போனாள். எட்டு இருபதுக்கு ஃபோன் வந்தது. பள்ளிக்கூடத்துத் திருப்பத்தில் ஒரு லாரி. அதைப் பற்றி அவன் யாரிடமும் அதற்கு மேல் சொன்னதில்லை. அவனிடமும் யாரும் அதற்கு மேல் கேட்டதில்லை.

அவள் அந்தப் பள்ளியின் நூலகர். பிள்ளைகள் வாயில் லைப்ரரி டீச்சர். இரண்டு வகுப்பறைகளுக்கு நடுவில் இருந்த சுவரை இடித்து ஆக்கிய கூடம்தான் நூலகம். இடித்த இடத்தில் மேலே உத்தரம் ஒன்று தெரியும். உயரமானவர்கள் வாரம் ஒருமுறையாவது அதில் நெற்றியை இடித்துக்கொள்வார்கள். அந்தக் கூடத்துக்கு என்று அவள் சில சட்டங்கள் வைத்திருந்தாள்.

முதல் சட்டம், ஒரு வரிப் பலகை. படித்த புத்தகத்தைச் சிபாரிசு செய்ய யாருக்கும் உரிமை உண்டு. ஆனால் ஒரே வரி. பலகைக்குப் பக்கத்தில் தடை செய்யப்பட்ட சொற்களின் பட்டியல் ஒட்டியிருக்கும்: அருமை, அற்புதம், சிறப்பு, சூப்பர், விறுவிறுப்பு, அனைவரும், கண்டிப்பாக. ஏழு சொற்களையும் பிடுங்கிவிட்டால் பிள்ளைகளுக்கு உண்மையைச் சொல்வதைத் தவிர வேறு வழியில்லாமல் போயிற்று. 'இதில் ஒரு நாய் சாகும், முன்பே சொல்லிவிட்டேன்' என்று ஒருவன் எழுதினான். 'நூறாம் பக்கம் வரை தூக்கம் வரும், நூற்றொன்றில் போய்விடும்' என்று ஒருத்தி. 'என் அண்ணனுக்குப் பிடிக்கவில்லை, அப்படியானால் நல்ல புத்தகம்' என்று இன்னொருத்தி.

புத்தகத்தைத் தாமதமாகக் கொண்டுவந்தால் தண்டனை உண்டு. காசு இல்லை, பேச்சு. மாதக் கடைசியில் வாசகர் சனிக்கிழமை நடக்கும். பெற்றோர், அக்கம்பக்கத்தார் எல்லோரும் வருவார்கள். அவர்கள் முன்னால் நின்று அந்தப் புத்தகத்தைப் பற்றி இரண்டு நிமிடம் பேச வேண்டும். பேச்சுக்குப் பயந்து பாதிப் பேர் நாள் தவறாமல் திருப்பிக் கொடுத்தார்கள். மீதிப் பேர் பேச்சுக்கு ஆசைப்பட்டே தாமதம் செய்தார்கள். சனிக்கிழமைக்கு முந்தின நாள் தேடுதல் படை ஒன்று துணிப்பையோடு வீடு வீடாகக் கிளம்பும். கட்டிலுக்கு அடியில், ஃபிரிட்ஜுக்குப் பின்னால், எங்கே பதுக்கினாலும் விடாது.

எல்லாவற்றுக்கும் மேலே கறைச் சட்டம். புத்தகத்தில் எதையாவது கொட்டினால் திட்டு கிடையாது. கறைக்குப் பக்கத்தில் பென்சிலால் எழுதிவிட வேண்டும், அது என்ன, யார் செய்தது என்று. அதனால் அந்த நூலகத்துப் புத்தகங்களில் கதையோடு கதையாக இதையும் படிக்கலாம்: 'இது டீ. ஏழாம் வகுப்பு, கடைசி பெஞ்ச்.' 'இது மழை. நான் இல்லை, குடை.' 'இது அழுகை. மூக்கும் கொஞ்சம்.' எழுதாமல் மறைத்தால்தான் குற்றம். மறைத்த பக்கத்தை அவள் எப்படித்தான் கண்டுபிடிப்பாளோ, மூக்கில் வேர்த்துவிடும்.

அவள் இறந்த மூன்றாம் நாள் தலைமையாசிரியர் வீட்டுக்கு வந்தார். நல்ல மனிதர். தமிழாசிரியராக இருந்து மேலே வந்தவர். எந்த வாக்கியமும் அவர் கையில் பட்டால் கொஞ்சம் சதை போடாமல் திரும்பாது. தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுக் கேட்டார்.

"கடைசியா ஏதாவது சொன்னாங்களா தம்பி?"

"புத்தகத்தப் பத்தித்தான் சார் சொன்னா."

அது உண்மைதான். அவர் கண் கலங்கிற்று. அதற்கு மேல் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அவன் சொல்லியிருக்க மாட்டான். வாசல் நிறையச் செருப்பு கிடக்கும் வீட்டில் சொல்லக்கூடிய சங்கதி அல்ல அது.

தலைமையாசிரியர் எழுதி அச்சடிக்கும் அந்த மாத நூலக மடலில், முதல் பக்கத்தில், கட்டம் கட்டி வந்தது: 'புத்தகங்களைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளுங்கள். — நம் நூலகரின் இறுதி மொழி.' அவன் படித்தான். அவள் அப்படிச் சொல்லவில்லை. ஆனால் பக்கத்தில் எங்கேயோ இருந்தது. போகட்டும் என்று விட்டான். மூன்றாம் மாதம் 'அவையே நம் அருமைச் செல்வங்கள்' என்று ஒன்று சேர்ந்தது. ஐந்தாம் மாதம் 'அன்புக் குழந்தைகளே' வந்து உட்கார்ந்தது. இறந்துபோனவள் மாதா மாதம் கொஞ்சம் கொஞ்சமாகப் பேசிக்கொண்டே இருந்தாள். அவன் மடல்களை மடித்து ஃபிரிட்ஜ் மேல் வைத்தான். அங்கே ஏற்கெனவே ஒரு புத்தகம் கிடந்தது.

எட்டாம் மாதம், வெள்ளிக்கிழமை சாயங்காலம் நாலரை மணிக்குக் கதவு தட்டப்பட்டது. அவன் அப்போதுதான் வந்து கையில் இருந்த கிரீஸைச் சோப்புப் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தான்.

"யாரு?"

"தேடுதல் படை!"

வாசலில் இரண்டு பெண்பிள்ளைகள். இரண்டு பேருக்கும் மூச்சு வாங்கியது. முன்னால் நின்றவள் ஐந்தாம் வகுப்பு. காதில் பென்சில் சொருகியிருந்தாள். அவன் மனைவி அவளை 'இன்ஸ்பெக்டர்' என்றுதான் கூப்பிடுவாள். பின்னால் நின்றவள் தன்னைவிடப் பெரிய துணிப்பையைத் தோளில் மாட்டியிருந்தாள். அவள் பெயர் 'பையம்மா'. இரண்டு பெயர்களையும் சாப்பாட்டு மேஜையில் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறான். ஆட்களை இப்போதுதான் பார்க்கிறான்.

"நீங்க லிஃப்ட் அங்கிள்தானே? லிஃப்ட் இல்லையா இங்க?" என்றாள் இன்ஸ்பெக்டர்.

"இல்ல."

"வெளங்கிடும்."

"ஹெட்மாஸ்டர் சார் இந்த வீட்டுக்குப் போகக் கூடாதுன்னு சொல்லியிருக்காரு," என்று பையம்மா முதுகுக்குப் பின்னாலிருந்து முனகினாள்.

"தனியாப் போகக் கூடாதுன்னு சொன்னாரு. நாம ரெண்டு பேரு."

"அப்படியா சொன்னாரு?"

"சும்மா இருடி." இன்ஸ்பெக்டர் கையிலிருந்த சீட்டைப் பார்த்துப் படித்தாள். "ஊர்ந்து போகும் உயிர்கள். படங்களோட. எடுத்தவங்க, லைப்ரரி டீச்சர். எட்டு மாசம் ரெண்டு நாள் லேட்டு."

"அந்தப் பூச்சிப் புத்தகமா?"

"மரவட்டை பூச்சி இல்ல அங்கிள். பூச்சிக்கு ஆறு கால்தான்."

"சரி. உள்ள வாங்க."

ஃபிரிட்ஜ் மேலிருந்து மடல்களை நகர்த்திப் புத்தகத்தை எடுத்தான். தூசியைச் சட்டையில் துடைத்தான். நீட்டினான். இன்ஸ்பெக்டர் பிடித்து இழுத்தாள். புத்தகம் வரவில்லை. அவன் விடவில்லை என்பது அவனுக்கே கொஞ்சம் தாமதமாகத்தான் தெரிந்தது. விட்டான்.

அவள் அதை மேஜையில் வைத்துப் பரபரவென்று புரட்டினாள். "எங்களுக்கு விடை வேணும். எட்டு மாசமா போர்டுல கேள்வி அப்படியே இருக்கு. மாதக் கேள்வி: மரவட்டைக்கு எத்தனை கால்? டீச்சர் எழுதினது. யாரும் அழிக்கல. பெருக்கற அக்காகூட அதச் சுத்தித்தான் தொடைக்கறாங்க. விடை இந்தப் புத்தகத்துல இருக்குன்னு டீச்சர் சொன்னாங்க. ஆனா புத்தகம் இங்க வந்துடுச்சு."

"பந்தயம் கட்டியிருக்கோம்," என்றாள் பையம்மா.

நாற்பதாம் பக்கத்தோடு புரட்டல் நின்றது. நாற்பதும் நாற்பத்தொன்றும் ஒன்றையொன்று கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தன.

"ஒட்டியிருக்கு." இன்ஸ்பெக்டர் குனிந்து மோந்து பார்த்தாள். நிமிர்ந்து அவனைப் பார்த்தாள். அந்தப் பார்வையை அவன் வேறொரு முகத்தில் பார்த்திருக்கிறான்.

அவன் கை நீட்டினான். "குடு, பிரிச்சுப் பாக்கறேன்."

"ஐயோ, இழுக்காதீங்க! ஆவி காட்டணும். டீச்சர் சொல்லிக்குடுத்தது. கெட்டில் இருக்கா?"

கெட்டில் இருந்தது. அவன் வழக்கப்படி ஒரு ஆளுக்குத் தண்ணீர் பிடித்தான். "இது பத்தாது," என்றாள் பையம்மா. நிறையப் பிடித்தான். மூன்று பேரும் சுற்றி நின்றார்கள். ஆவி வந்ததும் இன்ஸ்பெக்டர் புத்தகத்தை ஒரு கைக்குழந்தையைப் போல ஏந்தி, காட்டி, விலக்கி, மறுபடி காட்டினாள். "அவசரப்பட்டா எழுத்து எதிர்ப்பக்கத்துல போய் ஒட்டிக்கும். அப்புறம் கண்ணாடி வச்சுத்தான் படிக்கணும்." அவன் பாக்கெட்டிலிருந்து டெஸ்டரை எடுத்து அதன் தட்டை முனையால் ஓரத்தைப் பதமாக நெம்பினான். லிஃப்ட் கதவு சிக்கிக்கொண்டால் செய்வதும் ஏறக்குறைய இதுதான். பக்கம் 'சர்' என்று ஒரு சத்தத்தோடு விட்டது.

நாற்பத்தோராம் பக்கத்தில் பெரிய மரவட்டைப் படம். அதன் நடுவயிற்றில் கருஞ்சிவப்பாக ஒரு கறை. கறைக்கு அடியில் எழுத்து மங்கலாகத் தெரிந்தது. பையம்மா விரலை வைத்து எழுத்தெழுத்தாகப் படித்தாள்.

"மரவட்டைகளுக்குப் பொதுவாக... நாற்பது முதல்... நானூறு கால்கள் வரை... இருக்கும்."

கெட்டில் கொதித்துக்கொண்டிருந்தது.

"வரையா?" என்றாள் இன்ஸ்பெக்டர்.

"வரை."

"எட்டு மாசம் அங்கிள்! இந்த 'வரை'க்கா எட்டு மாசம் காத்துட்டு இருந்தோம்? நான் முந்நூத்தம்பதுன்னு சொல்லியிருக்கேன்."

"நான் அறுபது," என்றாள் பையம்மா.

"அப்ப ரெண்டு பேரும் ரைட்டு," என்றான் அவன்.

"ரெண்டு பேரும் ரைட்டுன்னா அதுக்குப் பேரு பந்தயமா?"

அவனுக்குச் சிரிப்பு வந்தது. வெகுநாள் ஓட்டாத வண்டியைப் போல ஒரு உறுமலோடு நின்றுவிட்டது. மிச்ச வெந்நீரில் மூன்று டம்ளர் டீ போட்டான். டீயைக் குடித்துக்கொண்டே இன்ஸ்பெக்டர் விசாரணையை ஆரம்பித்தாள்.

"இது என்ன?"

"ஜாம்."

"யாரு?"

அவன் டம்ளரைப் பார்த்தான். அந்த மாதக் கேள்வியின் விடையை மனைவி கட்டிய புருஷனுக்கும் சொல்ல மாட்டேன் என்றுவிட்டாள். அவள் குளிக்கப் போன நேரத்தில், ஒரு கையில் ரொட்டியோடு, அவன் திருட்டுத்தனமாகப் புரட்டினான். விடையைப் படிப்பதற்குள் விடையின் மேலேயே விழுந்தது. கைக்கெட்டிய துணியால் துடைத்தான். அது பரவியது. மூடி வைத்தான்.

"நான்," என்றான்.

இன்ஸ்பெக்டர் காதிலிருந்து பென்சிலை எடுத்து நீட்டினாள். அவன் வாங்கினான். முனை காகிதத்துக்கு ஒரு விரற்கடை மேலே வந்து நின்றது. எழுதிவிடலாம், இரண்டு வார்த்தை. எழுதினால் மனைவிக்கும் அவனுக்கும் நடுவில் பாக்கியிருந்த ஒரே வம்பும் தீர்ந்துவிடும். அப்புறம் என்ன இருக்கிறது?

"நாளைக்கு எழுதறேன்."

"எல்லாரும் இதத்தான் சொல்வாங்க. பரவால்ல, நாளைக்கு எப்படியும் நீங்க வரணும். லேட்டு. ரெண்டு நிமிஷம் பேசணும்."

"நான் எடுக்கலையே."

"டீச்சர் எடுத்தாங்க. டீச்சரால வர முடியாது. அப்ப நீங்கதான்."

பையம்மா அவளைக் கிள்ளினாள்.

"ஏன்டி கிள்ளற? உண்மைதானே?" இன்ஸ்பெக்டர் மேஜை மேல் கிடந்த இந்த மாத மடலை எடுத்தாள். "அங்கிள், ஒண்ணு கேக்கணும். அதுக்குத்தான் முக்கியமா வந்தேன். இத நாளைக்குச் செவுத்துல எழுதப் போறாங்க. பெயிண்டர் வராரு. எனாமல். அழியவே அழியாதாம்." கட்டத்துக்குள் இருந்ததை ஒரே மூச்சில் படித்தாள்: "'அன்புக் குழந்தைகளே! அற்புதமான புத்தகங்களை அனைவரும் கண்டிப்பாகப் படியுங்கள்! அவையே நம் அருமைச் செல்வங்கள்! அவற்றைப் போற்றிச் சிறப்புறுங்கள்!' இது டீச்சர் சொன்னாங்களா?"

"ஏன்?"

"அற்புதம், அனைவரும், கண்டிப்பாக, அருமை, சிறப்பு." விரல்விட்டு எண்ணினாள். "ஏழுல அஞ்சு. சூப்பரும் விறுவிறுப்பும்தான் பாக்கி, அடுத்த மாசம் அதுவும் வந்துடும். டீச்சர் ரூல டீச்சரே மீறுவாங்களா? நான் ஒரு தடவ 'அருமை'ன்னு எழுதினதுக்கு அஞ்சு வாட்டி அழிச்சு எழுத விட்டாங்க. அவங்க இப்படிச் சொல்லியிருந்தாங்கன்னா நான் எழுதினது சரிதானே? எனக்கு அது தெரிஞ்சாகணும்."

அவள் குரல் கடைசியில் கொஞ்சம் உடைந்தது. டீயைக் குடித்துச் சரி செய்துகொண்டாள்.

"நாளைக்கு வரேன்," என்றான் அவன்.

அவர்கள் அறுபத்திரண்டு படியையும் எண்ணிக்கொண்டே இறங்கினார்கள். எண்ணுவது மேலே வரைக்கும் கேட்டது.

மறுநாள் சனிக்கிழமை. ஐந்து ஐம்பதுக்கு அலாரம் அடித்தது. கெட்டில், ரொட்டி, வெண்ணெய். தட்டைக் கழுவினான். நீலச் சட்டையைப் போட்டுவிட்டு, கழற்றிவிட்டு, வெள்ளைச் சட்டையைப் போட்டான். டெஸ்டர் மட்டும் பழக்கதோஷத்தில் பாக்கெட்டில் ஏறிக்கொண்டது.

கூடம் நிறைந்திருந்தது. குட்டை நாற்காலிகளில் பெரியவர்கள் முழங்கால் மோவாயில் முட்ட உட்கார்ந்திருந்தார்கள். கரும்பலகையில் அவள் கையெழுத்து அப்படியே இருந்தது: மரவட்டைக்கு எத்தனை கால்? அதைச் சுற்றிப் பலகை துடைத்துத் துடைத்துப் பளபளத்தது. கேள்வி மட்டும் ஒரு தீவு மாதிரி வெளிறி நின்றது. பின்சுவரில் ஏணி போட்டுப் பெயிண்டர் ஏறியிருந்தார். முழு வாசகத்துக்கும் பென்சிலால் கோடு இழுத்தாகிவிட்டது. எனாமலில் 'அன்புக்' மட்டும் முடிந்திருந்தது. நிகழ்ச்சி முடிவதற்குள் முழுவதும் எழுதி, எல்லோரும் சேர்ந்து வாசிப்பதாக ஏற்பாடு.

"அந்தம்மா சின்னதா ஏதாச்சும் சொல்லியிருக்கக் கூடாதா?" என்று பெயிண்டர் கீழே ஏணியைப் பிடித்திருந்தவரிடம் சொன்னது அவன் காதில் விழுந்தது. "கழுத்து போயிடும் போலிருக்கு."

முன்வரிசையில் அவன் மாமியார். காலை பஸ்ஸில் வந்திருந்தார். தையல் கடை வைத்திருக்கும் கை, சும்மா இருக்காது. மடியில் ஒரு அட்டையை வைத்து ஓரத்தை நீவிக்கொண்டே இருந்தார். போன மாத மடலின் கட்டத்தை வெட்டி லேமினேட் செய்து வைத்திருந்தார். அவன் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"எளச்சிட்டீங்க மாப்பிள்ளை."

"இல்ல அத்தை. வெள்ளைச் சட்ட."

அவர் சிரிக்கவில்லை. குரலைத் தாழ்த்தினார். "ஒண்ணு கேட்டாக் கோச்சுக்கக் கூடாது. மாசா மாசம் வர்றத வெட்டி வச்சு, தினம் காலைல எழுந்ததும் படிக்கறேன். எட்டு மாசமா. எவ்வளவு நல்லா சொல்லியிருக்கா, என் பொண்ணு. ஆனா படிக்கறப்ப எனக்கு அவ குரலே வரமாட்டேங்குது. ஹெட்மாஸ்டர் குரல்தான் கேக்குது. எனக்கு வயசாயிடுச்சா, அவ குரல் மறந்துபோச்சா? சொல்லுங்க."

அவன் பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் தலைமையாசிரியர் மேடைக்கு வந்தார். வழியில் உத்தரத்தில் நெற்றியை இடித்துக்கொண்டார். கூட்டம் பழக்கத்தின் காரணமாகப் பேசாமல் இருந்தது. தாமதக்காரர்கள் பேசலாம் என்றார்.

முதலில் எதிர்த்தெருத் தபால்காரர். மூன்று வாரத் தாமதம். ஞாபகசக்தியைப் பெருக்குவது எப்படி என்ற புத்தகம். "நல்ல புத்தகங்க. ஏழாவது பாடம் வரைக்கும் முடிச்சேன். அப்புறம் அத எங்க வச்சேன்னு மறந்துட்டேன்," என்றார். கூடம் அதிர்ந்தது. பிறகு பையம்மாவின் அம்மா. சிக்கனமாகச் சமைக்கும் புத்தகம். அவர் புத்தகத்தைப் பற்றி அரை நிமிடமும் தன் ஓரகத்தியைப் பற்றி ஒன்றரை நிமிடமும் பேசினார்.

"அடுத்தது," என்று சீட்டைப் பார்த்த தலைமையாசிரியர் நிறுத்தினார். கண்ணாடியைச் சரி செய்தார். "இது எப்படி இங்க... யாரும்மா இத எழுதினது? தம்பி, நீங்க பேச வேண்டியதில்ல. ஏதோ சின்னப் பிள்ளைங்க..."

"லேட்டுன்னா லேட்டுதான் சார்!" என்று ஒரு குரல் பின்னாலிருந்து வந்தது. எல்லோருக்கும் அது யார் என்று தெரியும்.

"பேசறேன் சார்," என்றான் அவன். எழுந்து போனான்.

புத்தகத்தை மேஜையில் வைத்து நாற்பத்தோராம் பக்கத்தைத் திறந்தான். பென்சில் தேடினான். இன்ஸ்பெக்டர் ஓடிவந்து கொடுத்துவிட்டு ஓடினாள். நின்றபடியே எழுதினான். எழுதியதைக் கூட்டத்துக்குப் படித்தும் காட்டினான்.

"இது ஜாம். நான்தான்."

சின்னதாக ஒரு சிரிப்பு எழுந்து, சிரிக்கலாமா என்று தெரியாமல் அடங்கிற்று. அவன் கரும்பலகைப் பக்கம் கையைக் காட்டினான். "விடை, நாற்பதிலிருந்து நானூறு வரைக்கும். எல்லாரும் ஜெயிச்சீங்க." பிள்ளைகள் வரிசையில் ஓர் ஏமாற்ற ஓலம் எழுந்தது. அது ஓயும்வரை இருந்தான். இன்னும் ஒரு நிமிடம் மிச்சமிருந்தது.

"சார், நீங்க கேட்டப்ப நான் பாதிதான் சொன்னேன். மீதிய நீங்க பாவம், நெரப்பிட்டீங்க. தப்பு என்னோடது."

தலைமையாசிரியர் அவனைப் பார்த்தார். பிறகு சுவரைப் பார்த்தார். கைக்குட்டையை எடுத்துக் கழுத்தைத் துடைத்தார். "நான் கொஞ்சம்... விரிச்சு எழுதிட்டேனோ தம்பி?"

"கொஞ்சம் சார்."

"அப்ப அவங்க சொன்னது என்ன?"

பெயிண்டர் தூரிகையை டப்பாவுக்குள் வைத்தார். முன்வரிசையில் மாமியார் மடியிலிருந்த அட்டையைக் குப்புறக் கவிழ்த்தார். பின்வரிசையில் இன்ஸ்பெக்டர் பெஞ்சு மேல் ஏறி நின்றாள்.

அவனுக்குப் பேச்சு அவ்வளவாக வராது. லிஃப்ட் அட்டையில் எழுதுவது போல நினைத்துக்கொண்டான். நடந்தது நடந்தபடி.

"காலைல ஏழு அம்பது. அவ கிளம்பிட்டா. நான் சவரம் பண்ணிட்டிருந்தேன். எங்க கட்டடத்துல லிஃப்ட் இல்ல. அதனால படிக்கட்டுல கத்தினா மேல வரைக்கும் கேக்கும். அவ ரெண்டாவது மாடி திருப்பத்துல நின்னு கத்தினா. கீழ்வீட்டுக்காரர்கூடக் கதவத் தொறந்து பாத்தாரு. நான் பதில் சொல்லல. முகமெல்லாம் சோப்பு. சிரிச்சிட்டிருந்தேன். அது அவளுக்குக் கேட்டிருக்காது."

அவன் மாமியாரைப் பார்த்தான். அவர் தலையை லேசாகச் சாய்த்து, காதைக் கொடுத்துக்கொண்டிருந்தார். அவள் கத்திய மாதிரியே, கொஞ்சம் சத்தமாகவே சொன்னான்.

"நாப்பத்தோராம் பக்கத்துல ஜாம்! யாருன்னு எனக்குத் தெரியும்! பென்சில் மேஜ மேல இருக்கு. சாயங்காலம் வந்து வச்சுக்கறேன் கச்சேரிய!"